டிபி கிருமி உள்ளே இருக்கு, எக்ஸ்ரே சுத்தம்: அப்புறம் மாத்திரை எதற்கு?

15 ஜனவரி 2024, இரவு 9.12
கேட்டவர்: செம்பனைத் தம்பி

அம்மாவுக்கு நவம்பரில் டிபி என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருக்கிற எல்லாரும் வந்து பார்க்கணும் என்று கிளினிக்கில் கூப்பிட்டார்கள். எனக்குக் கையில் ஊசி போட்டு மூன்றாம் நாள் அளந்தார்கள், 14 மில்லிமீட்டர். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, இருமல் இல்லை, எடை இறங்கவில்லை, வாரம் இரண்டு தரம் ஃபுட்சால் ஆடுகிறேன். அப்படியும் மூன்று மாசம் மாத்திரை போடச் சொல்கிறார்கள். என் கணக்கு இதுதான்: கை வீங்கினால் எதிர்ப்பு சக்தி பலமாக இருக்கிறது என்று அர்த்தம். பலமாக இருந்தால் கிருமி செத்திருக்கும். செத்த பாம்பை எதற்கு அடிக்கணும்? மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட் பக்கம் இதில் விவரம் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்க.

15 ஜனவரி 2024, இரவு 11.40

நானும் சுங்கை சிப்புட்தான். 31 வருஷம் அரசாங்க ஆய்வுக்கூடங்களில் சளி ஸ்லைடு பார்த்தவன், இப்போது ஓய்வு. டாக்டர் இல்லை, அதனால் மாத்திரை விஷயத்தை உன் டாக்டரிடமே முடித்துக்கொள். உன் கணக்கில் எங்கே பிசகு என்று மட்டும் சொல்கிறேன்.

கை வீங்கினால் உன் உடம்பு இந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது, அவ்வளவுதான். ஊசியில் போனது செத்த கிருமியிலிருந்து பிரித்த புரதம். ஏற்கெனவே அதன் முகம் தெரிந்த டி-செல்கள் (எதிர்ப்பு சக்தியின் படை செல்கள்) இரண்டு நாளில் ஆள் திரட்டிக்கொண்டு அங்கே வந்து கூடிவிட்டன, அந்தக் கூட்டம்தான் மேடு. உள்ளே நடந்த சண்டையில் ஜெயித்தது யார் என்று அந்த மேட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

அம்மா இருமும்போது வெளியே வரும் துளி காற்றில் காய்ந்து 1 முதல் 5 மைக்ரான் அளவுக்குச் சுருங்கிவிடும். பெரிய துளி என்றால் மூக்கிலேயே மாட்டிக்கொள்ளும், இது நுரையீரலின் கடைசி காற்றறை வரை போய் உட்காரும். அங்கே காவலுக்கு இருப்பது மேக்ரோபேஜ். கண்டதை எல்லாம் விழுங்குகிற பெரிய செல். விழுங்கியதை ஒரு பைக்குள் வைத்து, அந்தப் பையை அமிலப் பையோடு சேர்த்துக் கரைத்துவிடுவது அதன் வேலை. டிபி கிருமி அந்த இரண்டு பையும் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. பிடித்துக்கொண்டு போன போலீஸ்காரன் வயிற்றுக்குள்ளேயே திருடன் பாய் விரித்துப் படுத்த மாதிரி. அதற்கு உதவுவது அதன் மெழுகுத் தோல். அந்த மெழுகுதான் எங்கள் பிழைப்பும். ஸ்லைடில் சிவப்புச் சாயம் ஏற்றிவிட்டு அமிலத்தால் கழுவினால் மற்ற கிருமி எல்லாம் வெளுத்துவிடும், இது மட்டும் சிவப்பாகவே நிற்கும். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சி. ஒரு ஸ்லைடில் 100 இடம் பார்த்து முடித்தால் சாயங்காலம் சுவரும் நீலமாகத்தான் தெரியும்.

அவசரமும் இல்லாத ஜந்து. வயிற்றுப்போக்குக் கிருமி 20 நிமிஷத்தில் இரண்டாகும், இது சுமார் 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். உடம்புக்குத் தகவல் போவதும் தாமதம். கிருமியின் அடையாளத்தைத் தூக்கிக்கொண்டு நிணநீர்க் கணுவுக்கு (நெறி கட்டுகிறது என்கிறோமே, அந்த இடம்) ஆள் போய்ச் சேர்ந்து, டி-செல் பெருகித் திரும்பி நுரையீரலுக்கு வருவதற்குள் வாரக்கணக்காகிவிடும். தோல் சோதனை மாறவே 2 முதல் 8 வாரம். அதற்குள் உள்ளே குடும்பம் பெருகியிருக்கும்.

டி-செல் வந்ததும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞையை விடும். அது பட்டால் சோம்பிக் கிடந்த மேக்ரோபேஜுக்குக் கொல்லும் தெம்பு வரும். டிஎன்எஃப் என்று இன்னொரு சமிக்ஞை, ஆட்களைக் கூட்டிச் சுற்றி வளைக்கும். இப்படி வளைத்துக் கட்டிய சின்ன உருண்டைக்குக் கிரானுலோமா என்று பெயர், கிருமிக்குச் சிறை என்று வைத்துக்கொள். பெரும்பாலானவர்களுக்குக் கதை அங்கேயே முடிந்துவிடும். மருந்து இல்லாமல் விட்டால் வாழ்நாளில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குச் சிறை உடையும். அதில் ஏறக்குறைய பாதி முதல் இரண்டு வருஷத்துக்குள். நீ இப்போது அந்த இரண்டு வருஷத்தில்தான் நிற்கிறாய். பாம்பு செத்ததா தூங்குகிறதா என்று பார்க்க இன்றைக்கு ஒரு சோதனையும் கிடையாது.

16 ஜனவரி 2024, காலை 6.55

ஒன்று விட்டுப்போச்சு. 14 என்பது மேட்டின் அளவா, சிவப்பின் அளவா? சிவப்பை அளக்கக் கூடாது, விரலால் தடவினால் கெட்டியாக இருக்கிற மேட்டைத்தான் அளக்கணும். கேட்டுப் பார்.

18 ஜனவரி 2024, இரவு 10.20

"பிறந்தப்பவே பிசிஜி போட்டிருக்கு, தோளில் தழும்பும் இருக்கு, அப்புறம் எப்படி வரும்?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார்.

பிசிஜி என்கிற டிபி தடுப்பூசி மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து வந்தது. கால்மெட், கெரான் என்று இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1908-இல் ஆரம்பித்து, உருளைக்கிழங்கும் மாட்டுப் பித்தநீரும் வைத்து 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து வீரியத்தைக் குறைத்தார்கள், 1921-இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் டிபி, உடம்பு முழுக்கப் பரவுகிற டிபி, இவற்றுக்கு நல்ல காவல். பெரியவர்களின் நுரையீரல் டிபிக்குத்தான் ஊருக்கு ஊர் வேறு வேறு பதில். அதில் மோசமான பதில் நம் ஆட்களின் மண்ணிலிருந்தே வந்தது. செங்கல்பட்டில் 1968-இல் ஆரம்பித்துப் பெரிய அளவில் சோதனை செய்தார்கள், பெரியவர்களின் நுரையீரல் டிபியைத் தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் டிபியின் சாதுவான தாயாதிகளோடு அங்கே உடம்பு ஏற்கெனவே பழகிவிட்டது, அதனால் ஊசிக்குப் புதிதாகச் சொல்லித்தர ஒன்றும் மிச்சமில்லை என்பது ஒரு விளக்கம். வெப்பநாட்டில் வெறுங்காலோடு தண்ணீரிலும் சேற்றிலும் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். நிரூபணம் கேட்காதீர்கள், இது என் ஊகம்.

தம்பி, பிசிஜியாலும் கை வீங்கலாம், பிறந்தபோது போட்டதற்கு இந்த வயதில் 14 வருவது குறைவு. சந்தேகம் என்றால் ரத்தச் சோதனை இருக்கிறது. டிபி கிருமியில் உண்டு, பிசிஜியில் இல்லை என்கிற இரண்டு புரதத்தை உன் ரத்தத்தோடு சேர்த்து வைத்து, டி-செல் இன்டர்ஃபெரான் காமா விடுகிறதா என்று பார்ப்பார்கள். தழும்பு அதை ஏமாற்றாது.

21 ஜனவரி 2024, பிற்பகல்

ஞாயிற்றுக்கிழமை, மழை, வீட்டில் யாரும் இல்லை. எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1974. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவர். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு) ஒரு அறையும் ஒரு குசினியும், நாங்கள் ஏழு பேர். அப்பா விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகும்போதே இருமிக்கொண்டு போவார், அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் எழுந்திருப்போம். தோட்டத்து டிரஸர் (மருத்துவ உதவியாளர்) மாசக்கணக்கில் சிவப்புத் தண்ணீர் மருந்து கொடுத்தார் (அந்தத் தோட்டத்தின் பெயர் வேண்டாம், இப்போது அங்கே செம்பனைதான் நிற்கிறது). பிறகு ரத்தம் வந்தது. ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள், இரண்டு மாசம் தினமும் இடுப்பில் ஊசி, ஒன்றரை வருஷம் மாத்திரை. பிழைத்து 1998 வரை இருந்தார்.

ஒரே அறை, ஒரே காற்று. ஏழு பேரில் அப்பாவைத் தவிர நோய் வந்தது கடைசித் தங்கைக்கு மட்டும், அதுவும் நுரையீரலில் இல்லை, கழுத்தில். கண்டமாலை என்பார்கள். மாலை கோத்த மாதிரி நெறி கட்டியது. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார். கிழவிகள் வேப்பிலை அடித்தார்கள். மாத்திரை ஆரம்பித்து இரண்டாம் மாசம் நெறி சின்னதாவதற்குப் பதிலாக இன்னும் பெருத்து உடைந்து சீழ் வந்தது. மருந்துதான் பிள்ளையைக் கெடுக்கிறது என்று அம்மா மாத்திரையை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து டிரஸர் வந்து லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். அம்மா அழுதுகொண்டே அரிசியைக் கொட்டித் தேடினார்.

அன்றைக்கு டிரஸருக்கும் காரணம் தெரிந்திருக்காது. சாகிற கிருமி உடைந்து உள்ளே இருக்கும் சரக்கைக் கொட்டும், அதுவரை அடங்கிக் கிடந்த டி-செல் கூட்டம் அதைப் பார்த்துப் பாய்ந்து விழும், மருந்து வேலை செய்யும்போதே கட்டி பெருக்கும். கழுத்து டிபியில் இது நிறையப் பார்க்கிற சமாச்சாரம். தங்கைக்கு இப்போது 53 வயது, கழுத்துத் தழும்பு தாலிக்கொடிக்குள் மறைந்துவிடும். ஆனால் அந்தத் தழும்பை உண்டாக்கியது கிருமியா, அவள் உடம்பா? இருபது வயதில் கேட்டிருந்தால் கிருமி என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.

மற்ற ஐந்து பேருக்கு ஏன் வரவில்லை என்று இன்னமும் யோசிப்பதுண்டு. ஜெர்மனியில் லூபெக் நகரில் 1930-இல் ஒரு கொடுமை நடந்தது: பிசிஜி என்று நினைத்து, உண்மையான டிபி கிருமி கலந்துபோன மருந்தை 250 கைக்குழந்தைகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துவிட்டார்கள். 70-க்கு மேல் செத்தன. மீதிப் பெரும்பாலானவை மருந்தே இல்லாத காலத்தில் தானாகத் தேறின. உள்ளே போன அளவு எல்லாருக்கும் ஒன்றாக இல்லை, அது உண்மை. ஆனாலும் பால்குடிக் குழந்தைகளில் அத்தனை தேறியது என்றால் இந்தக் கிருமியை மனித உடம்பு சும்மா விடுவதில்லை என்று தெரிகிறது.

26 ஜனவரி 2024, காலை

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து தொண்டை கட்டி இருமினால் அது டிபி இல்லை, மோர் பந்தலில் ஐஸ் போட்டுக் குடித்தது. மூன்று பேர் தனியாக மெசேஜ் போட்டுவிட்டீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் போய் சளி கொடுங்க. அப்புறம், தட்டிலும் கிளாஸிலும் இது ஒட்டாது, அம்மாவுக்குத் தனித் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடு தம்பி. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு வைத்திருந்தோம். அவர் கடைசி வரை அந்தத் தகரத் தட்டிலேயே சாப்பிட்டார், யாரும் மாற்றச் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

2 பிப்ரவரி 2024, இரவு 11.05

15-ஆம் தேதி சிறை என்று எழுதினேனே, அதை வாபஸ் வாங்குகிறேன். 31 வருஷம் பயிற்சிப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், அதுவும் பாதிதான் சரி.

லலிதா ராமகிருஷ்ணன் என்று கேம்பிரிட்ஜில் ஒரு ஆராய்ச்சியாளர். சிதம்பரத்தில் பிறந்து நோபல் வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை. அவர் கண்ணாடி மாதிரி உடம்புள்ள சீப்ராமீன் குஞ்சுகளில் டிபியின் நெருங்கிய சொந்தக்காரக் கிருமியைச் செலுத்தி, உயிரோடு இருக்கும்போதே மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர். 2009-இல் அவர் குழு வெளியிட்டது இது: கிரானுலோமா கட்ட ஆரம்பித்ததும் புதுப்புது மேக்ரோபேஜ்கள் உள்ளே வருகின்றன, செத்த மேக்ரோபேஜைச் சாப்பிடுகின்றன, அதற்குள் இருந்த கிருமி அதன்வழியே இவற்றுக்குள் குடியேறுகிறது, சில வெளியே கிளம்பிப் போய் வேறு இடத்தில் புதிதாக ஒன்றைக் கட்டுகின்றன. அடைத்து வைக்கிறோம் என்று உடம்பு நினைக்கிறது, கிருமிக்கு அது இலவச வீடு.

லயம் என்று சொல்லியிருக்கணும். கம்பெனி கட்டிக் கொடுத்தது, நம்மைக் கண்பார்வையில் வைத்திருக்க. நாம் அதிலேயே பிள்ளை பெற்று, குடும்பம் பெருக்கி, பக்கத்துத் தோட்டத்துக்கும் பெண் கொடுத்தோம்.

குரங்குகளில் பார்த்தது இன்னும் வேடிக்கை. ஒரே குரங்கின் நுரையீரலில் பத்துப் பதினைந்து கிரானுலோமா இருந்தால் ஒன்று கிருமியை முழுசாகக் கொன்று சுத்தமாகக் கிடக்கிறது, பக்கத்தில் இருக்கிற இன்னொன்று அழுகி உடைகிறது. அதே ரத்தம், அதே டி-செல். அதனால் தம்பி, "என் எதிர்ப்பு சக்தி" என்று ஒருமையில் பேசாதே.

3 பிப்ரவரி 2024, காலை 7.30

ராத்திரி படுத்த பிறகுதான் இது பட்டது, நேற்றே எழுதியிருக்கணும்.

மூட்டுவாதத்துக்கு டிஎன்எஃப்பை அடக்கும் ஊசிகள் வந்தன. 2001-இல் அதில் ஒன்றைப் போட்ட 70 பேருக்கு டிபி வந்தது என்று கணக்கு வெளியானது, சிலருக்கு சில வாரங்களுக்குள்ளேயே. காவலை எடுத்தால் லயம் உடைகிறது. சரி, எதிர்பார்த்ததுதான்.

பிறகு புற்றுநோய்க்கு வேறு மாதிரி மருந்துகள் வந்தன. டி-செல்லுக்கு இருக்கும் பிரேக்கை எடுத்துவிடும், எதிர்ப்பு சக்தியை அவிழ்த்துவிடும். கடைத்தெருவில் விற்கிற "இம்யூன் பூஸ்டர்" டப்பாக்கள் சொல்கிறதை உண்மையிலேயே செய்கிற மருந்து. அதைப் போட்டவர்களில் சிலருக்கும் டிபி கிளம்பியது! அந்தப் பிரேக்கே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு டிபி கொடுத்தபோது, இன்டர்ஃபெரான் காமா தாராளமாக இருந்தும், சாதாரண எலிகளைவிடச் சீக்கிரம் செத்தன. மீனிலும் டிஎன்எஃப் குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். கூடினால் மேக்ரோபேஜ் வெடித்துக் கிருமி வெளியே கொட்டுகிறது.

ஆக "பலமாக இருந்தால் செத்திருக்கும்" என்ற உன் கணக்கு இங்கேதான் உதைக்கிறது. இது உப்பு மாதிரி. உனக்கு ரசம் வைக்கத் தெரியுமா தெரியாது, அம்மாவைக் கேள்.

3 பிப்ரவரி 2024, இரவு

"அப்ப நுரையீரல் ஓட்டை?" ஆமாம், அதுவும் நம் உடம்பின் ஆட்கள் தோண்டியதுதான். இந்தக் கிருமி மற்ற சிலது மாதிரி நஞ்சைக் கொட்டித் திசுவை அரிப்பதில்லை. சண்டைக்கு வந்த செல்கள் விடுகிற நொதிகள் நுரையீரலின் நார்ச்சட்டத்தையே கரைக்கின்றன, நடுவில் பாலாடைக்கட்டி மாதிரி செத்த திசு சேர்கிறது, அது மூச்சுக்குழாய்க்குள் உடைந்தால் ஓட்டை. காற்றோட்டம் கிடைத்ததும் கிருமி கோடிக்கணக்கில் பெருகும், சளியோடு வெளியே வரும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே ஸ்லைடில் பார்த்தேன், புரியவில்லை. 90-களில் எச்ஐவி நோயாளிகளின் சளி வர ஆரம்பித்தது. ஆள் எலும்பும் தோலுமாக இருப்பார், சாகக் கிடப்பார், ஸ்லைடில் நூறு இடம் பார்த்தாலும் ஒரு குச்சி கிடைக்காது. நான் தப்பாகப் பார்க்கிறேனோ என்று பயந்து சாயத்தை மாற்றித் திரும்பச் செய்வேன். அதே நாள் ஒரு லோரிக்காரர் நடந்து வந்து, சிகரெட்டை வெளியே வைத்துவிட்டு, டப்பாவில் துப்பிவிட்டுப் போவார், கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் சிவப்பு. டி-செல் தீர்ந்துபோன உடம்பில் ஓட்டை தோண்ட ஆள் இல்லை, அதனால் சளியில் கிருமி குறைவு. ஒரு மில்லி சளியில் சில ஆயிரமாவது இருந்தால்தான் எங்கள் கண்ணுக்கு ஒன்று அகப்படும். நல்ல எதிர்ப்பு சக்தி உள்ள அந்த லோரிக்காரர்தான் ஊருக்கு ஆபத்து. இந்த உண்மை எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை.

18 பிப்ரவரி 2024

சீனப் பெருநாள் லீவில் என் மச்சான் வந்திருந்தார், அவரும் லோரிக்காரர்தான் (மேலே சொன்னவர் இல்லை). மூன்று வருஷம் முன்னால் அவருக்கும் டிபி. இருமலுக்கு ஒரு தனியார் கிளினிக்கில் மூன்று தடவை சிரப் கொடுத்து அனுப்பினார்கள், பெயர் வேண்டாம். நான்காம் தடவை நான் சண்டை போட்டு சளி எடுக்க வைத்தேன். ரத்தச் சர்க்கரை 16 மில்லிமோலில் நின்றது, மிக அதிகம்.

சர்க்கரை நோய் இருந்தால் டிபி வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. உடம்பு ஆரம்பத்தில் தூங்கிவிடுகிறது, கிருமி பெருகிய பிறகு கண்விழித்துத் தேவைக்கு மேல் கத்துகிறது. இரண்டும் கெட்டது. 2019 சுகாதாரக் கணக்கெடுப்பில் இந்த நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, நம்மவர்களிடம்தான் அது அதிகம். வருஷத்துக்கு 25,000-க்கு மேல் டிபி நோயாளிகள் பதிவாகிறார்கள். வெளிநாட்டுக்காரன் கொண்டுவந்தான் என்று கோப்பிக் கடையில் பேசுவோம், ரப்பர் பால் மாதிரி கெட்டியாகச் சீனி போட்ட தே தாரேயை (இழுத்து ஆற்றிய டீ) கையில் பிடித்துக்கொண்டு.

தம்பி, உன் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா?

19 பிப்ரவரி 2024

உண்டாம். எதிர்பார்த்தேன். தம்பி மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறதாம், வாரம் ஒரு தரம், 12 வாரம். "அண்ணே, ஒண்ணுக்கு ஆரஞ்சு கலரா போகுது" என்று பதறிப்போய் எழுதியிருக்கிறார். மருந்தின் நிறம்தான், பயப்படாதே. அண்ணே என்று கூப்பிட்டதற்கு நன்றி, எனக்கு 63.

25 பிப்ரவரி 2024, இரவு

ஆட்டுக்கால் சூப்பு, கருஞ்சீரகம், முருங்கைக்கீரை, வெயில். எல்லாரும் எழுதிவிட்டீர்கள்.

வெயில் பற்றி நானும் பல பேருக்குச் சொன்னவன். மேக்ரோபேஜ் கிருமியைக் கொல்ல ஒரு புரதம் செய்யும், அதற்கு வைட்டமின் டி வேணும் என்று 2006-இல் காட்டினார்கள், அழகான ஆராய்ச்சி. அதை வைத்து நான் என் தங்கை பிள்ளைகளுக்கெல்லாம் டப்பா டப்பாவாக வாங்கிக் கொடுத்தேன். 2020-இல் மங்கோலியாவில் 8,851 பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் கொடுத்துப் பார்த்ததில் தொற்றும் குறையவில்லை, நோயும் குறையவில்லை. வைட்டமின் டி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே அப்படி என்றால் சுங்கை சிப்புட்டில் என்ன சொல்ல.

சாப்பாடு விஷயத்தில் இரண்டு தரம் மனசை மாற்றிக்கொண்டேன். 1956-இல் மதராசில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்து, ஒரு பாதி நோயாளிகளைச் சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கும் மருத்துவமனை) படுக்கவைத்து நல்ல சாப்பாடு போட்டார்கள், இன்னொரு பாதியைக் குடிசையில் இருந்தபடி வேலையும் பார்த்துக்கொண்டு மாத்திரை மட்டும் சாப்பிடவைத்தார்கள். குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்களை மூடியதற்கு அது ஒரு காரணம். அதைப் படித்துவிட்டு "சாப்பாடு ஒன்றும் செய்யாது, மாத்திரைதான்" என்று வருஷக்கணக்கில் பேசினேன்.

2023-இல் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஆராய்ச்சி என் வாயை அடைத்தது. நோயாளி வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு மாசம் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, ஒரு வைட்டமின் மாத்திரை. அவர்களிடையே புதிதாக டிபி வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. பட்டினி கிடந்தால் டி-செல் படையே மெலிந்துவிடுகிறது, அரிசியும் பருப்பும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்திருக்கும் என்று நினைக்கிறேன். மதராஸ் கேட்டது குணப்படுத்துவதைப் பற்றி, ஜார்க்கண்ட் கேட்டது வராமல் தடுப்பதைப் பற்றி. நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டேன். 1974-இல் நாங்கள் ஐந்து பிள்ளைகள், அப்பா சம்பளம் நின்ற மாசங்களில் மரவள்ளிக் கிழங்கும் கருவாடும்தான். கடைசியாகத் தட்டுக்கு வருகிறவள் தங்கை.

இதை முன்பு யோசித்ததில்லை.

24 மார்ச் 2024

இன்றைக்கு உலகக் காசநோய் தினம், 1882-இல் இதே நாளில்தான் ராபர்ட் கோக் என்கிற ஜெர்மன் டாக்டர் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக பெர்லினில் அறிவித்தார்.

ஒருவர் கேட்டது: "140 வருஷமாச்சு, ஒரு நல்ல தடுப்பூசி இல்லையா?" கோவிட் ஊசி செய்த வழி இங்கே செல்லுபடியாகவில்லை. சின்னம்மையோ தட்டம்மையோ ஒரு தரம் வந்தால் உடம்பு கற்றுக்கொள்ளும், அந்தப் பாடத்தை ஊசியில் காப்பியடித்தால் போதும். டிபி வந்து குணமானவருக்கே மறுபடி டிபி வருகிறது, எதைக் காப்பியடிப்பது? 2013-இல் தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளுக்கு ஒரு புது ஊசி போட்டுப் பார்த்தார்கள், டி-செல்கள் எழும்பின, இன்டர்ஃபெரான் காமா வந்தது, பாதுகாப்பு வரவில்லை. இப்போது எம்72 என்று ஒன்று. முந்தின கட்டத்தில் ஏற்கெனவே தொற்று இருந்த பெரியவர்களில் மூன்று வருஷத்தில் நோயைச் சுமார் 50 சதவீதம் குறைத்தது. இந்த மாசம்தான் தென்னாப்பிரிக்காவில் பெரிய சோதனை ஆரம்பித்திருக்கிறார்கள். முடிவு வர வருஷங்கள் ஆகும்.

எனக்குத் தூக்கம் கெடுத்த தகவல் ஒன்று. பல கிருமிகள் நம் டி-செல் அடையாளம் காணும் பகுதியை மாற்றிக்கொள்ளும், மாறுவேஷம். 2010-இல் பல நாட்டு டிபி கிருமிகளின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது நேர்மாறாக இருந்தது. டி-செல் பார்க்கிற அந்தப் பகுதிகள்தான் மற்றவற்றைவிட மாறாமல் நிற்கின்றன. ஐசியை (அடையாள அட்டை) கையில் பிடித்துக் காட்டிக்கொண்டு கேட்டில் நுழைகிற திருடன். பார்க்கட்டும், அடிக்க வரட்டும் என்கிற மாதிரி. ஓட்டை தோண்டினால்தானே வெளியே போகலாம், அடுத்த நெஞ்சுக்கு. இது ஒரு விளக்கம்தான், ஆனால் எனக்கு அந்த லோரிக்காரர் ஞாபகம் வந்துவிட்டது.

23 ஏப்ரல் 2024

தம்பி 12-ஆவது வேளையும் முடித்துவிட்டார். அம்மாவும் தேறி, ஏழு கிலோ ஏறி, பசார் மாலாமில் (இரவுச் சந்தை) திரும்பவும் அப்பம் சுடுகிறாராம். "இப்ப செத்திருக்குமா அண்ணே?" என்று கேட்கிறார். நோய் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. ஊசி மறுபடி போட்டுப் பார்க்காதே, கை அப்போதும் வீங்கும். டி-செல் முகத்தை மறக்காது.

30 ஜூன் 2024, இரவு 12.15

இழையை மூடிவிடலாம் என்று நினைத்தேன். இன்று வேறு கதை.

என் வீட்டுக்காரிக்கு இரண்டு வருஷமாக முடக்குவாதம், விரல் எல்லாம் வீங்கி காலையில் பூட்டிக்கொள்ளும். மாத்திரைக்கு மசியவில்லை, டிஎன்எஃப் ஊசி ஆரம்பிக்கலாம் என்றார் நிபுணர். அதற்கு முன் டிபி ரத்தச் சோதனை. பிப்ரவரியில் நான் இங்கே எழுதிய அதே மருந்து, அதே காரணம். வாசித்தவள்தான், ஆனால் அப்போது மீன் கதை மட்டும் நன்றாக இருக்கிறது என்றாள்.

சோதனை பாசிட்டிவ். எக்ஸ்ரேயில் வலது பக்கம் சுண்ணாம்பு படிந்த ஒரு புள்ளி, மிளகு அளவு, எப்போதோ ஆறிப்போனது. நோய் இல்லை, அதனால் முதலில் நான்கு மாசம் மாத்திரை, ஒரு மாசம் ஓடிய பிறகு ஊசியைப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வரும் வழியில் காரில் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்து விரலை வெந்நீரில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "இது உங்க அப்பாகிட்டேருந்து வந்ததா, இல்ல உங்க லேப்லேருந்து நீங்க கொண்டாந்ததா?"

எங்கள் கல்யாணம் 1986-இல். அப்பாவுக்குக் குணமாகிப் பத்து வருஷம் கழித்து. அவர் இல்லை. லேப்பில் முகமூடி, கையுறை, கண்ணாடிப் பெட்டி எல்லாம் இருந்தது, ஆரம்ப வருஷங்களில் அத்தனை ஒழுங்காக இல்லை. எனக்கு நோயே வராததால் நான் அவளுக்குக் கொடுத்திருக்கவும் முடியாது, படுத்துக் கிடக்கிற கிருமி தொற்றாது. அவள் பிறந்தது பக்கத்துத் தோட்டத்து லயம், அங்கே யார் யார் இருமினார்களோ. இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

"அப்ப உங்களுக்குச் சோதனை எடுத்தீங்களா?" என்றாள்.

31 வருஷத்தில் எடுத்ததே இல்லை. திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறாளாம்.